விமான ரத்தும் பந்தயமும்: ஓர் அறநெறித் திறனாய்வு

பிறருக்கு நேரும் இன்னலின்மீது முன்கூட்டியே பணம் வைத்து, அது நேரும்வரை காத்திருத்தல் எத்தகைய செயல்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருகிவரும் முன்கணிப்புச் சந்தைகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

இச்சந்தையின் முறை எளியது. ‘இன்று ரத்தாகும் விமானப் பயணங்கள் ஆயிரத்தைத் தாண்டுமா?’ என்பது போன்றதொரு வினா விடுக்கப்படும். விரும்பியவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒப்பந்தத்தை வாங்கலாம். கணிப்பு மெய்யானால் ஒப்பந்தம் ஒன்றுக்கு 1 டாலர் கிடைக்கும்; பொய்த்தால் ஒன்றும் இல்லை. ‘ஆம்’ என்பதன் விலை 30 சென்ட் எனில், அது நிகழ நூற்றுக்கு 30 வாய்ப்பு உண்டென்று சந்தை கருதுவதாகப் பொருள். இத்தகைய சந்தையை நடத்தும் கால்ஷி நிறுவனம் 2020-இல் அந்நாட்டு முன்பேர வாணிப ஆணையத்தின் ஏற்பைப் பெற்றது. ஆகவே இது சூதன்று, வணிகமே என்று வாதிடுவோர் உளர்.

அவர்கள் கூறும் நியாயங்கள் இரண்டு. முதலாவது, அறிவு. பலரிடம் சிதறிக்கிடக்கும் செய்திகளை விலை ஒன்றுதிரட்டுகிறது என்னும் கருத்தைப் பொருளியலறிஞர் ஹாயெக் 1945-இல் விளக்கினார். அயோவா பல்கலைக்கழகம் 1988-இல் தொடங்கிய தேர்தல் சந்தையும் சான்றாகக் காட்டப்படுகிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், விமான நிலையத்தில் குழந்தையோடு காத்திருக்கும் தாய்க்கு வேண்டிய அறிவு யாது? தன் விமானம் புறப்படுமா என்பதே. நாடெங்கும் ரத்தானவை ஆயிரமா, இரண்டாயிரமா என்னும் கணக்கு அவளுக்கு உதவாது.

இரண்டாவது, காப்பு. பயணம் தடைப்படுவோர் தம் இழப்பை இவ்வழியில் ஈடுசெய்யலாம் என்பர். ஆனால் மொத்த எண்ணிக்கை குறைந்த நாளிலும் ஒருவர் பயணம் ரத்தாகலாம். அன்று அவர் இரண்டையும் இழப்பார். மேலும், பயணச்சீட்டே இல்லாதவரும் இவ்வொப்பந்தத்தை வாங்க இயலும். இங்கிலாந்தில் 1774-இல் இயற்றப்பட்ட உயிர்க் காப்பீட்டுச் சட்டம், எந்த உயிரின் மீதோ நிகழ்ச்சியின் மீதோ காப்பீடு எடுக்கப்படுகிறதோ, அதில் உரிய நலத்தொடர்பு இல்லாதவன் எடுக்கும் காப்பீடு செல்லாது என விதித்தது. அயலார் உயிர்மீது பந்தயம் கட்டும் வழக்கம் அந்நாளில் மலிந்திருந்ததே அதற்குக் காரணம். காப்பீட்டையும் சூதையும் பிரிக்கும் அக்கோடு இன்றும் பொருந்தும்.

எண்ணிக்கைக்குப் பின்னே மாந்தர் உளர். 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 16,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் ரத்தாயின. கிறிஸ்துமஸ் காலத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் தவித்தனர். 2025 நவம்பரில் அரசு முடங்கியபோது, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஊதியமின்றி உழைத்தனர். ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நின்றன. இத்தகைய நாளில் ‘ஆம்’ என்று பணம் வைத்தவன், இன்னும் சில ரத்தாகட்டும் என்று விரும்பாதிருத்தல் அரிது.

மருத்துவரும் பிறர் நோயினால் அன்றோ பிழைக்கிறார் எனக் கேட்கலாம். அவர் பெறும் ஊதியம் அவரை நோயாளியின் படுக்கையருகே நிறுத்துகிறது. பந்தயப் பணமோ எவரையும் எவரருகிலும் நிறுத்துவதில்லை.

சீட்டு என்பதே தீதென்று கூறித் திருமறை வாசகர் இதனைத் தள்ளிவிட இயலாது. மத்தியாவைத் தெரிந்துகொண்ட சபையும் சீட்டுப்போட்டது. சிலுவையடியில் சேவகரும் சீட்டுப்போட்டனர். வேறுபாடு சீட்டில் இல்லை. கண்ணெதிரே ஒருவர் துன்புறுகையில், அவருடைய அங்கி யாருக்கு என்று கணக்கிட்ட பார்வையில் இருக்கிறது.

ஆகவே, ‘சூது பாவம்’ என்னும் ஒற்றை வாக்கியத்தோடு பிரசங்கபீடத்திலிருந்து இறங்கிவிடுதல் போதாது. வணிகம் என்னும் பெயரில் இது வருவதால், நம் இளைஞர் அவ்வாக்கியம் தமக்குரியதன்று என எண்ணுவர். ‘யாருடைய இழப்பு என் ஆதாயம்? அவ்விழப்பை நான் விரும்பத் தொடங்கிவிட்டேனா?’ என்று தம்மைத் தாமே வினவ அவர்களுக்குக் கற்பிப்பதே போதகரின் கடமை.