தொட்டி மல்லியும் திண்டுக்கல் தண்ணீரும்

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது விளையும் நிலமாகத் திண்டுக்கல் மாவட்டமும் கணக்கில் வந்தது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லித் தோட்டத்தில் வேலை பார்க்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படி இருந்தும், நகரத்து மொட்டை மாடிகளில் தொட்டியில் வைத்த குண்டுமல்லி முதல் வருஷம் நன்றாகப் பூத்து, அடுத்த வருஷம் இலை வெளுத்து நிற்பதைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். தோட்டக்காரரிடமிருந்து வீடுகள் கற்றுக்கொண்டதில் பாதி அருமையானது. மீதிப் பாதி தொட்டிக்கு ஒவ்வாதது.

அருமையானது என்று முதலில் சொல்ல வேண்டியது கவாத்து. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். அதனால்தான் வயலில் நவம்பர் கடைசியில் செடியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். மார்ச்சில் பூ கொட்டத் தொடங்குகிறது. வீட்டில் வெட்ட மனம் வருவதில்லை. துணிந்து வெட்டுகிறவர்கள் வீட்டில் கோடை முழுக்கப் பூ இருக்கிறது. பூத்து ஓய்ந்த நுனிகளை ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கணு கீழே கிள்ளிவிட்டால் அடுத்த தளிர் சீக்கிரம் வரும். வெயில் மட்டும் குறையக் கூடாது. பால்கனி நிழலில் வைத்த செடி கொடியாக நீளுமே தவிர அரும்பாது.

வெட்டிய குச்சியையே நட்டுச் செடியாக்கும் பழக்கமும் நல்லதுதான். மல்லியில் விதை பிடிப்பது அரிது. தாய்ச்செடியின் குணம் மாறாமல் வர இதுவே வழி. தமிழகத்தின் பெரும்பாலான மல்லி நாற்று ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்து மணலில் இப்படித்தான் வேர் பிடித்து வருகிறது. ஆனால் அங்கே நாற்று போடுகிறவர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. வீட்டில் பாதிக் குச்சி கருகிப்போவது சகஜம். ஓரிரு செடி போதும் என்பவர்களுக்குப் பதியன் போடுவதையே நான் சொல்வேன். தாழ்ந்த கிளையைப் பக்கத்துத் தொட்டிக்கு வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, மண்ணால் மூடி, மேலே ஒரு கல்லை வைத்தால் போதும். வேர் விடும்வரை தாய்ச்செடி சோறு போடும். வேரோடிய பின் அறுத்துக்கொள்ளலாம்.

இனி ஒவ்வாத பாதி. இலை மஞ்சளானதும் உரம் போதவில்லை என்று முடிவு கட்டி, முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்திருக்கும், அதுவும் இளந்தளிரில். இது இரும்புச் சத்துக் குறை. திண்டுக்கல்லில் பல போர்வெல்களில் வருவது உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கிய பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. முட்டை ஓடு என்பது முக்கால்வாசிக்கு மேல் அதே சுண்ணாம்புதான். அக்கறையோடு செய்யும் வைத்தியமே நோயை வளர்க்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றும் வழக்கமும் இதே கேட்டைச் செய்கிறது. வயலில் மழை உப்பைக் கீழே இறக்கிவிடுகிறது. தொட்டியிலோ தண்ணீர் ஆவியாக, உப்பு அங்கேயே தங்குகிறது. மண் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவது அதனால்தான். மேல்மண் காய்ந்த பிறகு அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றுவதும், அடியில் தட்டு வைக்காமல் இருப்பதும் மேல்.

செஞ்சிலந்தி, மொட்டுப்புழு எல்லாம் இதற்கு அடுத்த கவலைகள். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சியும், ஊதா நிறம் ஏறிய மொட்டுகளைப் பறித்து அழித்தும் வீட்டளவில் சமாளிக்கலாம்.

மறுபடி தண்ணீருக்கு வந்தால், குழாயில் ஆத்தூர் அணைத் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ வரும் வீடுகளில் செடிக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கலாம் என்பார்கள். குடிக்கவே முறை வைத்துப் பிடிக்கும் ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைக் கூரைக்குள் இழுக்காமல் வெட்டவெளியில் விட்டுவிட்டால், வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கழுவிப்போகும். கவாத்துக்கும் அதுதான் பருவம்.