தூண் காணப்படவில்லை: எகேரியாவின் பயண நூலும் திருநாட்டுப் பயண எழுத்தின் வாய்மையும்

முன்னுரை

விவிலியம் கூறும் இடங்களை நேரில் காணச் செல்வதும், கண்டதை எழுதி வைப்பதும் கிறித்தவ மரபில் நான்காம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டன. எருசலேமின் திருக்கல்லறைக் கோவில் 335இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 333இல், இன்றைய பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து பெயர் அறியப்படாத ஒருவர் அங்குச் சென்று வழிக்குறிப்பு ஒன்றை எழுதினார். ஊர்ப்பெயர், தொலைவு, குதிரை மாற்றும் நிலையம், தங்குமிடம் எனப் பெரிதும் பட்டியலாகவே நீளும் அக்குறிப்பு, இன்று கிடைக்கும் திருநாட்டுப் பயணக் குறிப்புகளுள் மிகப் பழையது.

இக்காலத்தில் அப்பயணம் பெரும்பாலும் பங்குக் குழுவின் பயணமாக அமைகிறது. ஒரு பங்கைச் சேர்ந்தோர் தம் அருள்பணியாளரின் தலைமையில் பத்து நாள் அளவில் பேருந்தில் சுற்றி வருகின்றனர். தமிழ்நாட்டு அரசு 2011இல் அறிவித்த நிதியுதவித் திட்டம் எளியோர் சிலருக்கும் எருசலேமை எட்டச் செய்தது. புலம்பெயர்ந்த தமிழரின் பங்குகளிலிருந்தும் குழுக்கள் செல்கின்றன. திரும்பியோர் எழுதும் குறிப்புகள் பங்கு மலர்களிலும் சிறு நூல்களிலும் இடம்பெறுகின்றன. இவற்றைப் பக்தியின் வெளிப்பாடு எனப் பாராட்டிவிடுவது எளிது; இலக்கியம் அன்று என ஒதுக்கிவிடுவதும் எளிது. இவ்விரண்டும் மதிப்பீடு ஆகா. பயண எழுத்து என்பது கண்டவர் கூறும் சான்று. சான்றுக்கு உரிய அளவுகோல் வாய்மை. அவ்வளவுகோலின் இயல்பை எகேரியாவின் நூலை முன்வைத்து ஆராய்வதும், அதனைத் தமிழ்ப் பங்குக் குழுக்களின் பயண எழுத்துக்குப் பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. எகேரியாவின் நூல்

1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கமுர்ரீனி என்னும் அறிஞர் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இலத்தீன் தோற்சுவடி ஒன்றைக் கண்டறிந்து, 1887இல் பதிப்பித்தார். சுவடியின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. எஞ்சிய பகுதி, பெண் ஒருவர் தம் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எழுதிய மடலாக அமைந்துள்ளது. எகேரியா என அறியப்படும் அவர் 381 முதல் 384 வரை கிழக்கு நாடுகளில் பயணம் செய்தார் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் முடிவு.

நூல் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி சீனாய், நெபோ மலை, எதெசா முதலிய இடங்களுக்குச் சென்ற பயணத்தைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி எருசலேமில் நாள்தோறும் ஆண்டுதோறும் நிகழும் வழிபாட்டை விரிக்கிறது. முதற்பகுதியில் ஒரே ஒழுங்கு மீண்டும் மீண்டும் வருகிறது. ஓரிடத்தை அடைந்ததும் குழுவினர் வேண்டுகின்றனர். அவ்விடத்துக்கு உரிய விவிலியப் பகுதி வாசிக்கப்படுகிறது. பொருத்தமான திருப்பாடல் ஒன்று சொல்லப்படுகிறது. மீண்டும் வேண்டுதல் நிகழ்கிறது. இடமும் நூலும் ஒன்றையொன்று விளக்கும் இவ்வொழுங்கே இன்றைய பங்குக் குழுக்களும் அறிந்தோ அறியாமலோ பின்பற்றுவது. கானாவில் திருமண வாக்கைப் புதுப்பித்தலும், யோர்தானில் திருமுழுக்கு வாக்கைப் புதுப்பித்தலும், எருசலேமின் தெருக்களில் சிலுவை சுமந்து செல்லுதலும் இதன் வளர்ச்சி எனலாம்.

2. காண்டல், கருதல், உரை

எகேரியாவின் தனித்தன்மை வழிபாட்டு ஒழுங்கில் மட்டும் இல்லை. அவர் சான்று கூறும் முறையில் உள்ளது. இதனைத் தெளிவாக்கத் தமிழ் அளவையியல் துணைசெய்யும். காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் முதன்மையாகக் கொள்கிறது. ஏனையவற்றை இவற்றுள் அடக்குகிறது. திருத்தலப் பயணி எதிர்கொள்ளும் அறிவு இம்மூன்றும் கலந்தது. கல்லும் நீரும் கண்ணுக்குத் தெரிபவை. அந்தக் கல்லே விவிலியம் கூறும் கல் என்பது கருதல். அதற்குச் சான்று நூலும் வழிகாட்டியின் வாய்மொழியும் ஆகிய உரை.

நெபோ மலையின் உச்சியில் மோசே அடக்கம் செய்யப்பட்ட இடம் எகேரியாவுக்குக் காட்டப்படுகிறது. அது எவ்வாறு தெரியும் என்னும் வினா அங்கே எழுகிறது. தம் முன்னோர் காட்டிய இடத்தையே தாம் காட்டுவதாக அங்குள்ள துறவியர் விடையளிக்கின்றனர். அவ்விடையை எகேரியா அவ்வாறே பதிவு செய்கிறார். இது உரை அளவை; அதனைக் காண்டலாக அவர் மாற்றவில்லை.

அடுத்து வருவது லோத்தின் மனைவியைப் பற்றிய செய்தி. அவள் உப்புத்தூணாக மாறிய இடம் அம்மலையிலிருந்து சுட்டிக்காட்டப்படுகிறது. எகேரியா இடத்தை மட்டும் கண்டதாகவும், தூணைக் காணவில்லை என்றும், இதில் சகோதரிகளை ஏமாற்ற இயலாது என்றும் எழுதுகிறார். தூண் சில ஆண்டுகளாகவே தென்படவில்லை என அப்பகுதி ஆயர் கூறியதையும் சேர்த்துக்கொள்கிறார். தூண் இருந்தது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. தாம் கண்டதாகச் சொல்ல மட்டுமே அவர் மறுக்கிறார். எதெசாவில் இயேசுவும் அப்கார் மன்னனும் எழுதியனவாகக் கூறப்படும் மடல்களின் படிகளைப் பெற்றபோதும், தம் ஊரில் உள்ள படி இதனினும் சுருங்கியதாகத் தோன்றுவதைக் குறிக்கிறார்.

எகேரியா ஐயவாதி அல்லர். சீனாயில் காட்டப்பட்ட எரியும் முட்செடி இன்றும் தளிர்க்கிறது என்பதை அவர் தயக்கமின்றி ஏற்கிறார். ஆகவே அவருடைய வாய்மையை இக்கால வரலாற்றாய்வின் ஐயத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. நம்புவதற்கு அவர் அஞ்சவில்லை. அளவைகளைக் கலக்கவே அஞ்சினார். மடலைப் படிக்கும் சகோதரிகள் தம் கண்களை நம்பியிருக்கின்றனர் என்னும் பொறுப்புணர்வே அந்த அச்சத்தின் காரணம்.

3. தமிழ் இலக்கியம் படைத்த திருநாடு

தமிழ்ப் பயணி வெறுங்கையோடு திருநாட்டுக்குச் செல்வதில்லை. அவர் மனத்தில் தமிழ் படைத்த திருநாடு ஒன்று முன்பே உள்ளது. வீரமாமுனிவரின் தேம்பாவணி யூதேயாவைக் காப்பிய மரபுக்கேற்ப நாட்டுப்படலம், நகரப்படலம் என வகுத்துப் பாடுகிறது. அங்கே மழையும் ஆறும் வயலும் தமிழ் மருத நிலத்தின் செழிப்போடு விளங்குகின்றன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி, குறத்தி குறி சொல்லும் தமிழ்ச் சிற்றிலக்கிய வடிவில் பெத்லகேமை வைக்கிறது. 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியனின் நூலைத் தழுவி, நிலப்படத்தில் இல்லாத வழியில் ஆன்மாவை நடத்திச் செல்கிறது.

இந்நூல்களில் வரும் நிலம் உண்மைக்கு மாறானது என்று குறை கூறுதல் திறனாய்வு ஆகாது. காப்பியம் தன் மரபை மறைப்பதில்லை. யூதேயாவில் மருதம் விரிவதைப் படிப்பவர் அதனைப் பயணச் செய்தியாகக் கொள்வதில்லை. தலைவனின் மாண்புக்கேற்ற நாட்டுச் சிறப்பு எனவே கொள்வர். பயண நூல் இதனின் வேறானது. அது 'கண்டேன்' என்னும் உறுதிமொழியின்மேல் நிற்பது. காப்பியப் புனைவு பயணக் குறிப்புக்குள் காண்டலாக நுழையும்போதே பிழை நேர்கிறது. யூதேயப் பாலைநிலத்தின் வறண்ட மலைச்சரிவைக் காணும் தமிழ்ப் பயணிக்கு, மனத்தில் உள்ள மருதத்துக்கும் கண்முன் உள்ள பாலைக்கும் இடையிலான தொலைவே எழுதத்தக்க பொருள். அதனை எழுதினால் தேம்பாவணியின் கலைத்திறமும் கூடுதலாக விளங்கும்.

4. 'இதுவே அந்த இடம்'

இன்றைய பயணக் குறிப்புகளில் பெரிதும் ஆளப்படும் தொடர் 'இதுவே அந்த இடம்' என்பதாகும். ஆயின் திருநாட்டின் இடங்கள் பல ஒன்றுக்கு மேற்பட்டவை. இயேசு திருமுழுக்குப் பெற்ற இடமாக யோர்தான் நாட்டின் கீழ்க்கரையிலுள்ள அல்-மக்தாஸ் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. எதிரேயுள்ள மேற்கரையில் கஸ்ர் அல்-யகூத் உள்ளது. கலிலேயக் கடலிலிருந்து ஆறு வெளிப்படும் இடத்தருகே யார்தெனித் என்னும் மற்றொரு துறையும் குழுக்களை ஈர்க்கிறது. கானா எனக் காட்டப்படும் கப்ர் கன்னாவுக்கு மாற்றாகக் கிர்பத் கானாவை முன்மொழிவோர் உளர். எம்மாவு என உரிமை கோரும் ஊர்களும் பல. எருசலேமில் கத்தோலிக்கரும் கீழை மரபினரும் திருக்கல்லறைக் கோவிலை வணங்க, சீர்திருத்தத் திருச்சபையினர் பலர் 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற தோட்டக் கல்லறையை நாடுகின்றனர்.

இப்பன்மையைக் கூறுவது பக்தியைக் குலைக்கும் என்னும் தயக்கம் குறிப்பெழுதுவோரிடம் காணப்படுகிறது. எகேரியாவின் நூல் அத்தயக்கத்துக்கு விடை. தூண் இல்லாமையை அவர் எழுதியதால் மடலின் பக்தி குறையவில்லை; அவர் கண்டதாகக் கூறும் பிறவற்றின் நம்பகத்தன்மை கூடியது. 'இவ்விடம் என்று வழிவழியாகக் கூறுவர். இங்கே நாங்கள் இப்பகுதியை வாசித்தோம்' என எழுதுவதில் இழப்பு எதுவும் இல்லை. இடத்தின் உறுதி மாறலாம். வாசித்தது மாறாத நிகழ்ச்சி.

5. மூன்று மொழிகளில் ஒரு வழிபாடு

புலம்பெயர்ந்தோர் பங்குகளுக்கு எகேரியாவின் நூல் மற்றொரு வகையிலும் நெருக்கமானது. எருசலேம் ஆயர் கிரேக்கத்தில் மட்டுமே பேசினார்; அருகில் நின்ற குரு அதனைச் சிரியாக்கில் மொழிபெயர்த்தார்; இவ்விரண்டும் அறியாத இலத்தீன் மொழியினர்க்கு இருமொழி அறிந்த சகோதரரும் சகோதரியரும் விளக்கினர். இச்செய்தியை எகேரியா வழிபாட்டின் ஒரு பகுதியாகவே எழுதுகிறார்.

இன்றைய தமிழ்க் குழுவிலும் இதுவே நிகழ்கிறது. வழிகாட்டி ஆங்கிலத்தில் கூறுகிறார். அருள்பணியாளர் தமிழாக்குகிறார். ஜெர்மனியிலோ நோர்வேயிலோ கனடாவிலோ பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைக்கு அத்தமிழின் சில சொற்கள் விளங்குவதில்லை. தாய் அதனை அந்நாட்டு மொழியில் சொல்கிறார். ஒலிவ மலையிலுள்ள 'விண்ணகத் தந்தையே' கோவிலின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இயேசு கற்பித்த வேண்டுதல் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. அத்தமிழ்ப் பலகையின் முன் எடுத்த படம் பயண மலர்களுக்கு உகந்தது. ஆனால் சுவரில் உறைந்த தமிழ் பெறும் இடத்தை, பேருந்தில் மூன்று தலைமுறைக்கு இடையே கைமாறிய தமிழ் பெறுவதில்லை. எந்தப் பகுதி எந்த மொழிபெயர்ப்பில் வாசிக்கப்பட்டது, எந்தச் சொல்லை இளையோர் கேட்டு விளங்கிக்கொண்டனர் என்பவை புலம்பெயர் தமிழின் வரலாற்றுக்கு உரிய தரவுகள். எழுதாவிடில் அவை அக்குழுவோடு மறையும்.

6. வழியும் அங்கு வாழ்வோரும்

எகேரியாவின் நூலுக்கும் எல்லை உண்டு. ஆயரும் துறவியரும் அவர் எழுத்தில் ஒளிபெறுகின்றனர். நிலத்தில் உழைத்து வாழ்வோர் பெரிதும் தென்படுவதில்லை. இடர் மிக்க வழிகளில் உரோமைப் படைவீரர் துணைக்கு வந்ததை அவர் நன்றியோடு குறிக்கிறார்; அக்காவல் யாரிடமிருந்து, எந்த ஆட்சிக்காக என்பது அவர் வினா அன்று.

அதே குறை இன்றைய குறிப்புகளில் பெரிதாகத் தெரிகிறது. பெத்லகேம் எருசலேமிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. இடையே 2002 முதல் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவரும் சோதனைச் சாவடியும் நிற்கின்றன. பயணிகளின் பேருந்து கடக்கும் அவ்வழியே எருசலேம் செல்லப் பெத்லகேமின் பாலத்தீனக் கிறித்தவர் அனுமதிச் சீட்டு பெறவேண்டும். பிறப்பிடக் கோவிலைச் சுற்றி ஒலிவ மரச் சிற்பம் செய்து விற்போரின் வாழ்வு பயணிகளின் வரவைச் சார்ந்தது. 2023 அக்டோபரில் போர் தொடங்கியபின் அவ்வரவு முறிந்தது. பயணக் குறிப்புகளில் இச்சிற்பங்கள் நினைவுப்பொருள்களாக வருகின்றன, செய்தவர் வருவதில்லை. சாவடி வந்தாலும் காலத்தாழ்வு குறித்த செய்தியாகவே பெரிதும் வருகிறது.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த பங்கினர்க்குச் சாவடி புதிதன்று. மன்னார் மறைமாவட்டத்தின் மடுத் திருத்தலம் போர்க்களத்தின் நடுவே அகப்பட்டது. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருவுருவம் அங்கிருந்து பாதுகாப்புக்காக எடுத்துச் செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகத்தில் திரும்பியது. திருத்தலம் என்பது மக்கள் இன்றி வெறுமையாகக்கூடியது என்பதையும், வழி என்பது யாரோ ஒருவர் திறந்தும் அடைத்தும் வைப்பது என்பதையும் அறிந்த சமூகம் அது. அவ்வறிவு பெத்லகேமின் சாவடியில் எழுத்தாகாமல் போவது இவ்வெழுத்தின் பெருங்குறை. அரசியல் நிலைப்பாடு எடுக்கவேண்டும் என்பது இதன் பொருள் அன்று. கண்டதைக் கண்டதாக எழுதும் கடமை, காணாத தூணுக்கு மட்டுமன்றிக் கண்ட சுவருக்கும் உரியது என்பதே பொருள்.

முடிவுரை

திருநாட்டுப் பயண எழுத்தின் தகுதி, இடத்தின் உறுதியைப் பொறுத்தது அன்று. சான்று கூறுபவரின் நேர்மையைப் பொறுத்தது. எகேரியாவின் நூல் அந்நேர்மைக்கு மூன்று கூறுகளைத் தருகிறது: கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் கூறுதல், இடத்தில் நிகழ்ந்த வாசிப்பைப் பதிவு செய்தல், மொழிபெயர்ப்பை வழிபாட்டின் பகுதியாக மதித்தல். அங்கு வாழ்வோரைக் காணுதல் என்னும் நான்காம் கூறு அவர் நூலில் குறைவாக உள்ளது. இன்றைய தமிழ்க் குழுக்கள் அதனைச் சேர்க்க வல்லன. தமிழ்க் காப்பியங்கள் படைத்த திருநாட்டை அறிந்தும், போரால் திருத்தலத்தைப் பிரிந்து வாழ்ந்தும் பெற்ற பட்டறிவு அவர்களிடம் உள்ளது. பங்கு மலர்களில் சிதறிக் கிடக்கும் இக்குறிப்புகளை நூலகங்கள் தொகுத்துப் பேணுதல் வேண்டும். ஏனெனில் எகேரியாவின் நூலும் ஊரிலிருந்த சிலருக்கு எழுதப்பட்ட மடலாகவே தொடங்கி, ஒரே ஒரு சுவடியின் வழியாகவே நம் காலத்தை எட்டியது.