தூசணமும் அதிகாரமும்

வசைமொழி பற்றிய ஆய்வுகளில் தவிர்க்கமுடியாதது, விலங்கு வகைப்பாடுகளும் வசையும் குறித்து மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1964இல் எழுதிய கட்டுரை. ஆங்கிலத்தில் ஒருவரைப் பன்றி என்று ஏசலாம்; துருவக்கரடி என்றால் ஏன் உறைப்பதில்லை? 'நான்', 'நான் அல்லாதது' என்ற பாகுபாட்டின் இடைவெளியில் நிற்பவற்றின் மீதே விலக்குப் படிகிறது, அந்த விலக்கே வசைக்கு வலுத் தருகிறது என்பது லீச்சின் விடை. எவற்றை உண்ணலாம், எவரை மணக்கலாம் என்ற இரு ஒழுங்குகளையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார்.

அழகான கோட்பாடுதான். 1976இல் ஜோன் ஹல்வர்சன் அதன் தரவுகளையே கேள்விக்குட்படுத்தினார். எனது பிரச்சினை வேறு. லீச் சொல்லைப் பார்க்கிறார். யார் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதைப் பார்க்கவில்லை.

எமது ஊரில் ஆச்சிமார் பேரனைக் 'கோதாரியிலை போவான்' என்று ஏசுவார்கள். கோதாரி என்பது கொள்ளைநோய். சொல்லளவில் அது மரணசாபம். பேரன் சிரித்துக்கொண்டு ஓடுவான். மறுபுறம், எங்கள் வளவுக்குச் சீவ வந்த அறுபது வயதுக்காரரைப் பத்து வயதில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், 'நீ' என்றேன். அவர் என்னை 'நயினார்' என்றார். 'நீ' என்பதில் விலங்கில்லை, மலமில்லை, விலக்கில்லை. அதைவிடப் பெரிய தூசணம் எது?

இதை நான் விரிவுரை மண்டபத்தில் விளங்கிக்கொள்ளவில்லை. யேர்மன் தொழிற்சாலையொன்றில், என் மகன் வயதுள்ள மேற்பார்வையாளன், என் வயதுடைய யேர்மன் தொழிலாளியை 'ஸீ' என்றும் என்னை 'டூ' என்றும் விளித்தபோதுதான் விளங்கியது.

லீச் எமது நாட்டை அறியாதவரல்லர். 1954இல் வடமத்திய மாகாணத்துப் புல் எலிய கிராமத்தில் கள ஆய்வு செய்தவர். உறவுமுறை தனித்து இயங்குவதில்லை, குளத்து நீரும் வயலும் எவரிடம் என்பதிலேயே அது தங்கியுள்ளது என 1961இல் வெளியான நூலில் வாதிட்டவர். மூன்றாண்டுகளின் பின் வசையை ஆராய்ந்தபோது அந்த நிலத்தை விட்டுவிட்டார்.

எமது புலமை மரபும் மேலானதல்ல. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என வகுத்தது. எவர் எவரை வையலாம் என்று கேட்கவில்லை.

ஆகவே தூசணச் சொற்களைத் தொகுக்க முனைவோர் சொல்லோடு நின்றுவிடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், யாரை, யார் முன்னிலையில் என்று எழுதவேண்டும். அப்படி எழுதினால் நாமும் அதில் அகப்படுவோம். எழுதத் தயங்குவதற்கு அதுதான் காரணமோ என்னவோ.