அழாமல் பாட வேண்டிய பாட்டு

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் நெஞ்சைப் பார்த்து மலைக்காதே என்று அதட்டுகிற பாட்டு ஒன்று உண்டே, அதைத் தழுதழுத்த குரலில் விளம்ப காலத்தில் பாடுகிறவர்களோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. எந்த ராகத்தில் எடுத்தாலும் எனக்குச் சம்மதம். காலப்பிரமாணத்தில்தான் என் பிடிவாதமெல்லாம். மத்திம காலத்துக்கு இம்மியளவு கீழே இறங்கினாலும் அது ஒப்பாரியாகிவிடுகிறது. உருகுவதற்கு நம்மிடம் எத்தனையோ நல்ல பாட்டுகள் இருக்கின்றன. இது அந்த ரகம் இல்லை.

எழுதியவர் எப்படிப்பட்ட காலத்தைப் பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கீர்த்தனைப் புத்தகம் வெளிவந்தது 1878-இல். தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய காலம் அது. அதற்குச் சில வருஷம் முன்பே அவருக்கு முன்சீப் வேலை போய்விட்டது. மனைவியரை ஒருவர்பின் ஒருவராகச் சாகக் கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதர் கைப்பொருளைப் பசித்தவர்களின் கஞ்சிக்குச் செலவழித்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேலேயே ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனாரைப் பாடிய வாய் ஒரு கத்தோலிக்கரைப் பாடியது என்பதைத் தமிழிசை வரலாற்றின் பெரிய சம்பவங்களில் ஒன்றாக நான் வைத்திருக்கிறேன்.

பஞ்சத்தைத் தீர்க்கும்படி ஆண்டவனிடம் முறையிடும் பாட்டும் அவரிடம் உண்டு. அதில் கெஞ்சல் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நெஞ்சோடு பேசும் பாட்டில் கெஞ்சலே கிடையாது. கடவுளைப் பார்த்துக் கையேந்துகிற அதே ஆள், தன் மனசைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறார். இந்த இரண்டு குரலுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவருடைய விசுவாசம் முழுவதும் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்தக் குரல் திருச்சிக் கோர்ட்டில் பழகிய குரல் என்பது என் கட்சி. 1826-இல் திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் படித்தார். அதே கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளரானார். தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 'சித்தாந்த சங்கிரகம்' வெளியிட்டவரும் அவர்தான். பயந்து உளறுகிற சாட்சியை வக்கீல் மடக்குவதுபோல அவர் தன் மனசை மடக்குகிறார். கேள்வி மேல் கேள்வி விழுகிறது. மனசுக்குப் பதில் இல்லாமல் போகிற இடத்தில் பல்லவி திரும்ப வருகிறது. சாவகாசமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டால் எந்தச் சாட்சியும் மடங்காது. காலப்பிரமாணத்தில் நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

வேதாகமத்தில் பழகியவர்களுக்கு இந்தப் பாணி புதிதாக இருக்காது. 42-ஆம் சங்கீதத்தில் பாடுகிறவர் தன் ஆத்துமாவையே நிறுத்தி ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று விசாரிக்கிறார். ஆபகூக் தீர்க்கதரிசி இன்னும் ஒரு படி மேலே போகிறார். மரத்தில் காய் இல்லை, வயலில் விளைச்சல் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று பஞ்சத்தை வரிசையாகச் சொல்லிவிட்டு, ஆனாலும் மகிழ்வேன் என்று முடிக்கிறார். முடித்த கையோடு அந்தப் பாட்டை வாத்தியத்தோடு பாட இராகத்தலைவனிடம் ஒப்படைத்திருக்கிறது. பஞ்சப் பட்டியலைச் சுருதி கூட்டிப் பாடச் சொன்ன மரபு நம்முடையது. துன்பத்தில் வரும் சந்தோஷம் மனசு தானாகத் தருவது அல்ல, மனசுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது என்பதை அந்த மரபு அறிந்திருந்தது.

இயேசுவின் பெயர் வராத பாட்டை எப்படிக் கிறிஸ்தவப் பாட்டு என்பது என்று எங்கள் மேலப்புதூர்ப் பக்கம் சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே மனிதர் தேவமாதாவுக்கு அந்தாதி பாடியிருக்கிறார், பெரியநாயகி அம்மாள்மேல் பதிகம் பாடியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் கூசாமல் சொன்னவர், எல்லாரும் பாட வேண்டிய புத்தகத்தில் ஒதுங்கி நின்றார். கஞ்சிக்கு வந்தவர்களிடம் மதம் கேட்காதவர் பாட்டில் மட்டும் கேட்பாரா?

கேட்கவில்லை என்பதால்தான் அந்தப் பாட்டு எனக்கு ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. உத்தர வீதியில் ஒரு மாமியிடம் பாட்டு கற்றுக்கொண்டேன். மார்கழி முழுக்கத் திருப்பாவை, அது முடிந்ததும் இந்தக் கீர்த்தனை என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். திருச்சி வானொலியில் கேட்டுப் பாடமானது என்பார். அப்பா இறந்த பிறகு நான் வகுப்புக்குப் போன முதல் நாள் மாமி இதைத்தான் எடுக்கச் சொன்னார். பல்லவியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"அழுதுண்டே பாடினா சுருதி நிக்காதுடி கொழந்தே. மூச்சை இழுத்துக்கோ. மறுபடி எடு."

அவ்வளவுதான், வேறு ஆறுதல் சொல்லவில்லை. தொடையில் தாளம் விழுந்துகொண்டே இருந்தது, எனக்காக ஒரு அட்சரம்கூட மெதுவாகவில்லை. மாமி பாடிய விதமும் அப்படித்தான். நெஞ்சை விளிக்கும் இடத்தில் பிருகா, கமகம் என்று எதையும் ஏற்றாமல், கீழ் ஸ்தாயியில் நேராக வைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுவார். நான் மூன்றாவது சரணத்துக்கு வந்தபோது குரல் நிலைத்திருந்தது. துக்கம் போகவில்லை, ஆனால் அதற்குமேல் அது என்னை ஆளவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய வித்வான்கள் பாடிக் கேட்டுவிட்டேன். அந்த ஒரு விளியை மாமி வைத்ததுபோல யாரும் வைக்கவில்லை.

இன்றைக்குக் கச்சேரியில் இந்தப் பாட்டு மங்களத்துக்கு முந்தின துக்கடா. பல்லவி, அனுபல்லவி, ஒரே ஒரு சரணம், கைதட்டல். விசாரணை பாதியில் நின்றுவிடுகிறது. பாடகருக்குக் குரல் களைத்த நேரத்தில், கேட்பவர்கள் செருப்பைத் தேடும் நேரத்தில் பாடக்கூடிய பாட்டா இது? ஆலயத்திலோ நிலைமை வேறு மாதிரி. கீபோர்டில் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து, எக்கோ வைத்து, இரண்டு வரியைக் கண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். அழுதவர்களுக்கு மனம் லேசாகிறது என்கிறார்கள், ஆகட்டும். ஆனால் மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் பில்லோடு நிற்கும்போது கைகொடுக்க எக்கோ வராது. மனப்பாடமான சரணங்கள் வரும்.

பாடகர் குழுக்களை நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வரும் தபசு காலத்தில் இந்தக் கீர்த்தனையைச் சரணம் ஒன்றுகூட விடாமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கீபோர்டு வேண்டாம், ஒரு சுருதிப்பெட்டியும் கைத்தாளமும் போதும். வேகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அர்த்தம் இன்றைக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, தேவைப்படும் வயதில் தானாகப் புரிந்துகொள்வார்கள்.