வினாவும் குழுவும்: சிறுவர் வினாவிடைப் போட்டிகள் பற்றி ஒரு நோக்கு

பாடசாலை மேடையிலே நாடகம் ஒன்று நடிக்கப்பெற்றால் அதன் கதைப்போக்கையும் நடிப்பையும் ஆராய்ந்து குணங்குற்றம் கூறுவோர் உளர். பேச்சுப் போட்டி முடிந்தவிடத்தும், பேசியவனின் சொல்லாட்சி எத்தகையது, பொருளமைதி எத்தகையது என்று நடுவர் இரண்டொரு வார்த்தை கூறியே அமர்வர். வினாவிடைப் போட்டிக்கு மாத்திரம் இந்தப் பேறு கிட்டுவதில்லை. வென்ற குழுவின் பெயரும் அது பெற்ற புள்ளியும் அறிவிக்கப்படும், கைதட்டல் எழும், கிண்ணம் வழங்கப்படும். கேட்கப்பட்ட வினாக்கள் கேட்கத்தக்கனவா, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நால்வரைக் குழுவாக இருத்தியதனால் விளைந்த பயன் யாது என்று எவரும் வினாவுவதில்லை. வினாவுக்கென்றே எடுத்த விழாவில் இஃது ஒரு விந்தைதான்.

இவ்வகைப் போட்டியின் இன்றைய வடிவம் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் உருவாயிற்று. 1953ஆம் ஆண்டு டொன் றீட் என்பார் அமைத்த ‘கொலிஜ் பௌல்’ என்னும் நிகழ்ச்சி என்.பி.சி. வானொலியில் ஒலிபரப்பாகியது, 1959இல் தொலைக்காட்சிக்குச் சென்றது. பல்கலைக்கழக மாணாக்கர் நால்வர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். இதனைத் தழுவியே பிரித்தானியாவில் 1962இல் ‘யூனிவேசிற்றி சலெஞ்’ தொடங்கிற்று. வளர்ந்தோர்க்கென வகுத்த இவ்வாட்டம் காலப்போக்கிற் சிறுவரிடத்தும் வந்து சேர்ந்தது. அமெரிக்கச் சக்தித் திணைக்களம் 1991இல் உயர்நிலைப் பாடசாலை மாணாக்கர்க்கெனத் தொடங்கிய ‘நஷனல் சயன்ஸ் பௌல்’ என்னும் விஞ்ஞானப் போட்டி, 2002 முதல் நடுநிலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நடத்தப்படலாயிற்று. சிறுவர் குழுப்போட்டியின் நன்மை தீமை இரண்டையும் தெளிவாகக் காட்டுவது இதுவாதலின் இதனையே எடுத்துக்கொள்வோம்.

இதன் விதிகள் வருமாறு. முதலில் இரு குழுவினர்க்கும் பொதுவாக ஒரு வினா வாசிக்கப்படும். இதனை முந்து வினா என்போம். இதற்கு முந்தி மணியை அழுத்துபவரே விடை கூறலாம். தம் குழுவினருடன் கலந்து பேசலாகாது. வினா வாசித்து முடிந்தபின் கிடைக்கும் அவகாசம் 5 விநாடி. விடை சரியாயின் 4 புள்ளி. அதனோடு அக்குழுவிற்கு மட்டும் உரிய மேலதிக வினா ஒன்றும் கிடைக்கும். அதற்கு 10 புள்ளி. அவகாசம் 20 விநாடி. இங்கே நால்வரும் கூடிப் பேசலாம். தலைவர் விடை கூறுவார். வினா வாசிக்கப்படும்போதே இடைமறித்து மணியை அழுத்திப் பிழையாக விடை கூறினால், எதிர்க்குழுவிற்கு 4 புள்ளி போய்விடும்.

இவ்விதிகளை ஆக்கியோர் என்ன கருதினரோ அறியோம். ஆயின் புள்ளிக் கணக்கு தானே ஒரு கருத்தைச் சொல்கின்றது. ஒரு சுற்றிற் பெறத்தக்க 14 புள்ளிகளில் 10 கூடிப் பேசியவர்க்கு உரியவை. 4 மாத்திரமே தனித்து முந்தியவர்க்கு உரியவை. அவசரத்துக்கு விலை குறைவு. தவறிய அவசரத்துக்குத் தண்டமும் உண்டு. இது நன்று. ஆனால், பத்துப் புள்ளி இருக்கும் அறைக்கு ஒரே வாயில், ஒருவருடைய விரலினாலே திறக்கப்படுகின்றது. ஆதலால் விரைவுடைய ஒரு பிள்ளையை மட்டும் பயிற்றி, மற்றை மூவரையும் மண்டபத்துத் தூண்கள்போல இருத்திவிடும் ஆசை பயிற்றுநர்க்கு உண்டாதல் இயல்பே. இந்த ஆசைக்கு அமெரிக்கப் பயிற்றுநரும் விலக்கல்லர், நம்மவரும் விலக்கல்லர்.

இவ்விடத்திற் பவணந்தி முனிவர் நமக்கு உதவுவார். நன்னூல் வினாவை அறுவகையாக வகுக்கின்றது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடையைத் தான் அறிந்திருந்தும் மாணாக்கன் அறிவானோ எனச் சோதிக்க ஆசிரியன் வினாவுவது அறிவினா. அறியாமையால் வினாவுவது அறியாவினா. இதுவோ அதுவோ என மயங்கி வினாவுவது ஐயவினா. போட்டியில் வாசிக்கப்படும் வினா ஒவ்வொன்றும், இலக்கண விதிப்படி, அறிவினாவே. விடை அட்டையிலே எழுதப்பட்டிருக்கின்றது. அதனை அறிந்தவரே வினாவுகின்றார். அறிவினா குற்றமுடையதன்று, நூலே அதற்கு இடந்தந்துள்ளது. ஆயினும் கல்வி பெருகுவதற்கு வேண்டுவன அறியாவினாவும் ஐயவினாவும். அறிவினாவுக்கு விரைந்து விடையிறுத்தலே கல்வி எனப் பழகிய பிள்ளை, தான் அறியாததை எழுந்து நின்று கேட்க நாணுவான். வகுப்பிற் கைதூக்கி ஐயம் வினாவுபவன் மந்தன் என்ற எண்ணம் அப்பிள்ளைக்கு ஏற்பட்டுவிடின், அவனுக்கு வந்த வெற்றிக்கிண்ணத்தினும் அவன் இழந்தது பெரிது.

இனி, அந்த 20 விநாடிகளை நோக்குக. நான்கு தலைகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. ‘இது ஐதரசனா, ஈலியமா?’ என்று ஒருவன் கேட்கின்றான்: ஐயவினா. ‘அப்படியென்றால் என்ன?’ என்று மற்றொருத்தி கேட்கின்றாள்: அறியாவினா. மேடையில் உரத்து வாசிக்கப்படாத, சபையோர் செவிக்கு எட்டாத இந்த வினாக்களே போட்டியிற் கல்விக்கு உரிய பகுதி. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு கால் வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரையும் நிரம்பும் என்பது நன்னூலார் கணக்கு. விடை தெரிந்த ஒரு பிள்ளை, தெரியாத மூவரையும் 20 விநாடிக்குள் இணங்கச் செய்ய முயலும்போது அந்த அரைக்கூறுக்கு உரிய வேலையைத்தான் செய்கின்றது. நம் நாட்டிலே பத்து வயதளவில் தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இதன் அருமை பெரிது. பரீட்சை மண்டபத்தில் அயலில் இருப்பவரை வினாவுதல் குற்றம். குழுப்போட்டியிலோ அதுவே கடமை.

கூடிப் பேசும் இயல்பு விதியால் மட்டும் வருவதன்று. வினாவின் அமைப்பும் அதற்கு இடந்தரல் வேண்டும். ‘இலங்கையின் மிக நீளமான ஆறு எது?’ என்று கேட்டால் நால்வர் கூடிப் பேசுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. தெரிந்தவன் சொல்லுவான், தெரியாதவன் விழிப்பான். இதனையே, அமெரிக்க வினாவிடைக் கழகத்தார் பலர் கைக்கொள்ளும் கூம்பு முறையில், அருகிய செய்தி முன்னும் பரவிய செய்தி பின்னுமாக அமைத்துப் பார்ப்போம்: ‘கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலப்பது, பொல்கொல்லையில் இதன் நீரில் ஒரு பகுதி சுரங்க வழியே வறண்ட வலயம் நோக்கித் திருப்பப்படுகின்றது, விக்டோரியா அணை இதன் குறுக்கே உள்ளது, பேராதனையிற் பல்கலைக்கழக நிலத்தை அணைந்து ஓடுவது, இலங்கையின் மிக நீளமான ஆறு எது?’ விடை இரண்டிற்கும் மகாவலியே. முன்னையது மாணாக்கன் ஒரு வரியை மனனஞ்செய்தானா என்று மட்டும் அறியும். பின்னையது அவனுடைய அறிவின் ஆழத்தை ஒவ்வொரு படியிலும் அளக்கும். இன்னும், விடையறியாது கேட்டிருக்கும் பிள்ளைக்கும் ஐந்து செய்திகளைத் தந்துவிடும். வினா முடியுமுன் கற்பித்தலும் முடிந்துவிடுகின்றது.

வினாவை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் முறை நமக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் சிறுவர்க்கென எழுதிய சைவ வினாவிடையிலே ஒரு வினாவின் விடையிலிருந்து அடுத்த வினா பிறத்தலைக் காணலாம். உலகத்துக்குக் கருத்தா யாவர் என்பதற்கு விடை வந்ததும், அக்கருத்தாவின் இயல்பு யாது என்னும் வினா தானே எழுகின்றது. அந்நூலை மனனஞ்செய்யும் கருவியாக மட்டும் கொண்டு, இடையிலிருந்து ஒரு வினாவை உருவி மேடையிற் கேட்பதே இன்று சைவசமய அறிவுப் போட்டிகளிற் காணப்படும் வழக்கம். மாலையிலிருந்து ஒரு பூவைப் பிடுங்கி, இது மாலை என்று காட்டுவதை இஃது ஒக்கும்.

அவதானக் கலையையும் இங்கே நினைத்தல் தகும். யாழ்ப்பாணத்துப் புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை (1871–1907) சதாவதானி எனப் போற்றப்பட்டவர். அவதான அரங்கிலே வினாவுவோர் பலர், விடையிறுப்பவர் ஒருவர். பொருத்தமான வினாத் தொடுத்தலும் அங்கே புலமையின் ஒரு கூறாகும். இன்றைய போட்டியிலோ வினாவுபவர் ஒருவர், விடைக்கு முந்துவோர் பலர், சபையார்க்கு வாயில்லை. ஒன்று மற்றொன்றின் வழிவந்தது என நாம் கூறவில்லை. வினாவும் உரிமை எவர் கையில் இருக்கின்றது என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

நம் பாடசாலைப் போட்டிகளில் வழக்கமாகக் காண்பது இன்னொரு முறை: குழுக்களுக்கு முறைவைத்து வினாக் கொடுத்தல், ஒரு குழு விடையறியாவிடின் அடுத்த குழுவிற்கு அதனைக் கடத்துதல். மணிக்கருவி வேண்டாத எளிய முறை, செலவும் இல்லை. அதில் ஒரு நலமும் உண்டு: எந்த வினாவுக்கும் குழு கூடிப் பேசலாம். ஆயினும் வினாக்களின் கடினம் ஒரு தன்மையாக இல்லாதபோது வெற்றி இருக்கை வரிசையைப் பொறுத்ததாகிவிடும். முதற்குழுவிற்குத் தலைநகரின் பெயர், அடுத்த குழுவிற்கு நோபெல் பரிசுபெற்றவரின் பிறந்த ஆண்டு என வினாக்கள் வந்து விழுதல் உண்டு. பிறந்த ஆண்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பதே வீண் என்பது எமது துணிபு. அவ்வாண்டைக் கொண்டு அந்தப் பிள்ளை செய்யப்போவது யாது?

சயன்ஸ் பௌல் போட்டியின் நடுநிலைப் பிரிவில் சில ஆண்டுகள் ஓர் அரிய வழக்கம் இருந்தது. தேசிய இறுதிக்கு வந்த பிள்ளைகள் வினாவுக்கு விடையளித்ததோடு நில்லாது, மாதிரிக் கார்களைத் தாமே அமைத்து ஓட்டவும் செய்தனர். ஐதரசன் எரிபொருட்கலம், சூரியவொளி, இலிதியம் மின்கலம் என ஆண்டுக்கேற்ப அவற்றின் வலு வேறுபட்டது. ஓடாத காரின் முன்னே நின்று ‘ஏன் ஓடவில்லை?’ என ஒரு பிள்ளை கேட்குமாயின் அவ்வினாவுக்கு விடை எந்த அட்டையிலும் இல்லை. அங்கே அறியாவினா மேடையேறுகின்றது.

கார் அமைக்கும் வசதி நம் பாடசாலைகள் பலவற்றிற்கு இல்லை. வினா அமைக்கும் வசதி எல்லாப் பாடசாலைக்கும் உண்டு. போட்டியின் ஒரு சுற்றிலாவது, ஒரு குழு ஆக்கிய வினாவை மற்றைக் குழுவிற்குக் கொடுத்து, வினாவுக்கும் புள்ளியிடலாம். மகாவலியைப் பற்றிக் கூம்பு முறையில் வினா எழுத முற்படும் பிள்ளை உடனே ஒரு சிக்கலைச் சந்திக்கும். அருகிய செய்தி எது, பரவிய செய்தி எது? கண்டிப் பிள்ளைக்குப் பேராதனை எளிது. கொட்டியாரக் குடா அரிது. மூதூர்ப் பிள்ளைக்கோ அக்குடா முற்றத்துக் கடல். ஆகவே எதிரே இருக்கும் நால்வர் எவ்வூரார், எதை அறிவர், எதை அறியார் என்று முதலில் எண்ணிய பின்னரே அப்பிள்ளை தன் வினாவின் முதல் வரியை எழுதவேண்டியிருக்கும்.