எரிமலையைக் கல்லில் காட்டிய பள்ளிகள்

இலங்கையின் வத்தேகமவிலிருந்து தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் எரிமலை எதுவும் இல்லை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறைகள்தாம் நம் மலைகள். ஆகவே எரிமலைக் காட்சியைக் கற்களால் இழைக்கும் கலையை அறிய இத்தாலிக்குத்தான் போகவேண்டும்.

உரோமப் பள்ளியின் பலம் நுணுக்கம். வத்திக்கானின் மொசைக் கூடம் 1727இல் முறையாக நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாக்கோமோ ரஃபாயெல்லி போன்றோர் கண்ணாடியை நூலாக இழுத்து நறுக்கி, மூக்குத்தூள் டப்பி மூடியில்கூட வெசுவியஸைக் கக்கவைத்தார்கள். வெசுவியஸ் அப்போது அடிக்கடி சீறிக்கொண்டிருந்ததால், நேப்பிள்ஸுக்கு வந்த பயணிகள் அத்தகைய டப்பிகளை விரும்பி வாங்கினார்கள். திறமையில் குறையில்லை, ஆனால் அது கண்ணாடி. வேண்டிய நிறத்தை உலையில் உருக்கிக்கொள்ளலாம்.

புளோரன்ஸ் பள்ளிக்கு அந்த வசதி கிடையாது. 1588இல் முதலாம் ஃபெர்டினாண்டோ மெடிச்சி அமைத்த பட்டறையின் வழிவந்தது அது. வில்லில் கட்டிய கம்பியும் அரைப்புத்தூளும் கொண்டு கல்லை மெல்லிய தகடாக அறுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்திப் பின்பக்கம் ஒட்டுவார்கள். கைவினைஞரின் முதல் வேலை அறுப்பதல்ல, தேடுவது. புகைக்கு மங்கிய சாம்பல் அகேட் வேண்டும். அதன் வரிகள் ஒரே காற்றில் சாய்ந்திருக்க வேண்டும். எரிகுழம்புக்குச் செந்நிற ஜாஸ்பரின் நரம்பு சரிவோடு இறங்க வேண்டும். குறுக்கே ஓடினால் மலை பொய்யாகிவிடும். ஒரு கையளவு வானத்துக்காகப் பல கற்களை அறுத்துப் பார்ப்பதும் உண்டு.

ஆக்ரா, டெல்லிக் கைவினைஞர் இதன் நெருங்கிய உறவினர். இத்மாதுத் தௌலா கல்லறையிலும் (1622–1628) தாஜ்மகாலிலும் வெண்பளிங்கில் குழிவெட்டி நிறக்கல் பதித்தார்கள். பூவிலும் கொடியிலும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. தொலைவும் புகையும் அவர்கள் நாடியவை அல்ல. ரஷ்யாவின் யூரல் பகுதி வேறு வகை: ஓர்ஸ்க் ஜாஸ்பரை அறுத்தாலே மலையும் மேகமும் கிடைக்கும், கைவினைஞர் தேர்ந்தெடுத்தால் போதும்.

தரம் பார்க்க என் அளவுகோல் எளிது. இணைப்பின் மேல் நகத்தை ஓட்டினால் தடுக்கக் கூடாது. தூரிகையால் நிறம் தொட்டிருக்கக் கூடாது. சாயமேற்றிய அகேட்டும் கூடாது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாயமேற்றப் பழகிவிட்டார்கள். நினைவுப்பொருட் கடைகளில் கண்ணைப் பறிக்கும் நீலமும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் அதுவே. வெசுவியஸ் 'லாவா' நகை என்று விற்றவற்றில் பல வெறும் சுண்ணாம்புக்கல் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நம் பக்கத்துத் திகனவில் டொலமைட் பளிங்கு வெட்டுகிறார்கள்; அதில் ஒரு பகுதி தேயிலை மண்ணின் புளிப்பைத் தணிக்கப் போகிறது. இலங்கை மண்ணில் செந்நிறக் கார்னெட்டும் பலநிறக் குவார்ட்ஸும் உண்டு. கல் பட்டைதீட்டத் தெரிந்த இளைஞர்கள் கண்டியில் இருக்கிறார்கள். அவர்கள் வெசுவியஸைப் போலி செய்ய வேண்டாம். முதற்பலகையில் மூடுபனி சூழ்ந்த நக்கிள்ஸைச் செய்து காட்டட்டும்.