சுழல்வதா, சிமிட்டுவதா?

குமரிக் கடலோர ஊரான முட்டத்தைத் திரையில் பார்த்தவர்களே அதிகம். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) அந்தப் பாறைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து அங்கே நிற்கும் கலங்கரை விளக்கத்தின் அருமை தெரிய வேண்டுமானால், ராத்திரியில் வள்ளத்திலிருந்து பார்க்க வேண்டும். உலகெங்கும் இப்படிப்பட்ட கோபுரங்களிலிருந்து சுழலும் கண்ணாடி வில்லைகளை இறக்கிவிட்டு, அசையாமல் நின்று சிமிட்டும் எல்இடி விளக்குகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். குளச்சலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கடலுக்கு அந்த மாற்றம் பொருந்துமா என்பதுதான் கேள்வி. கோபுரத்தின் அழகையும் பழமையையும் இந்தக் கணக்கில் சேர்க்கப்போவதில்லை.

பழைய விளக்கு இரண்டு கலைகளின் கூட்டு. ஒன்று ஒளியியல். அகுஸ்தென் ஃபிரெனெல் வடிவமைத்த அடுக்கு வில்லை 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறியது. நாலாபுறமும் சிதறிப்போகும் சுடரின் வெளிச்சத்தைக் கண்ணாடிப் பட்டகங்கள் வளைத்து ஒரே கற்றையாகக் கடலுக்குள் அனுப்பின. மற்றொன்று இயந்திரவியல். டன் கணக்கில் எடையுள்ள வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டு, கீழே இறங்கும் எடைக்கல்லின் விசையால் சுழற்றினார்கள். காவலாளி ராத்திரி முழுக்க அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு மின் மோட்டார் வந்தது. எந்தக் கோபுரம் என்று மாலுமி அறிவது பிரகாசத்தை வைத்து அல்ல, எத்தனை நொடிக்கு ஒரு மின்னல் என்ற கணக்கை வைத்துத்தான். அந்தக் கணக்கைக் காத்தது பல்சக்கரம்.

திண்மநிலைக் கருவியான எல்இடியில் இந்தச் சக்கரமெல்லாம் கிடையாது. காலியம் நைட்ரைடு படிகத்துக்குள் எலக்ட்ரான் ஒரு துளையில் விழும்போது ஒளி பிறக்கிறது. நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சூடேற இழை இல்லை, தேய அச்சு இல்லை. நொடிக்கணக்கைக் குவார்ட்ஸ் படிகம் பார்த்துக்கொள்கிறது. சூரியத் தகடும் மின்கலமும் போதும். பாதரசமும் வேண்டாம். பாதரசக் கழிவால் 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் கதை தெரிந்த நமக்கு, இந்த ஒரு காரணமே கனமானது.

ஆகவே எல்இடிதான் சிக்கனம் என்று உடனே முடிவுகட்டிவிடத் தோன்றும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பத்து நொடிக்கு ஒரு சுற்று, ஐந்து பாகை அகலமுள்ள ஒரே கற்றை என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தில் 72இல் ஒரு பங்குதான் அந்தக் கற்றை. வில்லை அத்தனை வெளிச்சத்தையும் அதற்குள் அடக்கிவிடுவதால் பிரகாசம் 72 மடங்காகிறது. படகில் இருப்பவருக்குப் பத்து நொடியில் 0.14 நொடி மின்னல். அசையாத எல்இடியோ எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் அந்த 0.14 நொடி மட்டும் எரிந்து, மிச்ச நேரம் அணைந்திருக்கிறது. முன்னது ஒளியைத் திசையில் திரட்டுகிறது, பின்னது காலத்தில் திரட்டுகிறது. சராசரி ஆற்றல், கொள்கையளவில், இரண்டிலும் ஒன்றேதான்! வித்தியாசம் உச்சத்தில். எல்இடி அந்த 0.14 நொடிக்குள் 72 மடங்கு வெளிச்சத்தைக் கொட்ட வேண்டும், அதற்கு வெப்பம் இடம்கொடுக்காது. எனவே நடைமுறையில் சிமிட்டும் விளக்குகள் பெரும்பாலும் வீச்சைக் குறைத்துக்கொள்கின்றன. மிச்சமாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி படிகத்தின் திறமை, ஒரு பகுதி குறைக்கப்பட்ட வெளிச்சம். விற்பவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

வீச்சு குறைந்தால்தான் என்ன என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வி. கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் எரியும் விளக்கை, இரண்டு மீட்டர் உயரக் கண்ணோடு வள்ளத்தில் நிற்பவர் ஏறக்குறைய 16 கடல் மைலுக்கு அப்பால் நேராகப் பார்க்க முடியாது, பூமியின் வளைவு மறைத்துவிடும். அதற்கு மேற்பட்ட பிரகாசம் வீண் என்பது எல்இடி தரப்பின் வலுவான வாதம். ஆனால் சுழலும் கற்றைக்கு ஒரு குணம் உண்டு. விளக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் வெளிச்சம் ஈரக்காற்றில் பட்டு, துடைப்பம் வீசியதுபோல் வானத்தைக் கூட்டிப் போகும். கரை எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும். சிமிட்டும் விளக்கின் மெல்லிய ஒளிக்கு இந்த வீச்சு இல்லை. நம் மேற்குக் கரையில் இது சின்ன விஷயமல்ல. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த ஆனி, ஆடிக் கடலில் இறங்குவது வள்ளமும் கட்டுமரமும்தான். மழைமூட்டம் மிகுந்த பருவத்தில் கடலில் இருப்பவர்கள் ராடார் இல்லாத இவர்களே.

பழுதாகும் விதத்தையும் பார்க்க வேண்டும். பழைய பல்பு போனால் பட்டென்று போகும், மாற்றுப் பல்பு தானே நகர்ந்து வந்து எரியும். எல்இடி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் மங்கும். அதைவிட மோசம், சுற்றிலும் பதித்த எல்இடிகளில் ஒரு வரிசை மட்டும் செத்துப்போவது. கோபுரத்தடியில் நிற்பவருக்கு விளக்கு ஒழுங்காகத்தான் எரியும், கடலில் ஒரு திசை மட்டும் இருண்டிருக்கும். சுழலும் வில்லையில் இப்படிப் பாரபட்சம் வராது, ஒரே விளக்கு எல்லாத் திசைக்கும் முறைவைத்துப் போகிறது. இடியும் மின்னலும் நிறைந்த ஐப்பசியில் மின்னழுத்தம் எகிறினால் முதலில் சாவது எல்இடியை ஓட்டும் மின்சுற்றுதான். மோட்டாரை நாகர்கோவிலிலேயே சுற்றிக்கொள்ளலாம், இந்தச் சுற்றுப்பலகை தொழிற்சாலையிலிருந்து வர வேண்டும். எதிர்த்தரப்பு நியாயமும் உண்டு: சுழற்சி நின்றுபோன வில்லை ஆபத்தானது. ஒரு திசைக்கு இடைவிடாத விளக்கு, மற்றத் திசைகளுக்குக் கும்மிருட்டு. காலக்கணக்கைக் காப்பதில் குவார்ட்ஸ் படிகத்தைப் பல்சக்கரம் தோற்கடிக்க முடியாது.

இனி, பலரும் சொல்லும் மறுப்பு: ஆளுக்கொரு ஜிபிஎஸ் இருக்கும்போது லைட்ஹவுஸ் எதற்கு? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் கிடந்த ஆழ்கடலில் எந்தக் கோபுரமும் உதவியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே தேவைப்பட்டது இருவழித் தொடர்பு. அதன்பின் வந்த நாவிக் செயற்கைக்கோள் கருவிகள்கூட எச்சரிக்கையை வாங்க மட்டுமே செய்தன, திருப்பிச் சொல்ல முடியவில்லை. அந்தக் களம் முழுக்கத் திண்மநிலைக்குரியது. ஆனால் கரையோரத்தில் கதை வேறு. உப்புத்தண்ணீர் புகுந்த ஜிபிஎஸ், மின்கலம் தீர்ந்த செல்போன், இவற்றோடு சேர்ந்து கெட்டுப்போகாத ஒரு சாட்சி வேண்டும். கலங்கரை விளக்கத்தின் இன்றைய மதிப்பு அந்தச் சுதந்திரத்தில்தான் இருக்கிறது.

என் தீர்ப்பு இது. படிகம் தோற்கடித்தது சுடரையும் இழையையும். வில்லையை அது தோற்கடிக்கவில்லை. எனவே எல்இடியைப் பழைய வில்லைக்குள் வைத்து, சுழற்சியையும் தொடர வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 920 மி.மீ. குவியத் தூரமுள்ள முதல்தர வில்லையில் 8 செ.மீ. சுடர் ஐந்து பாகைக் கற்றை தரும். 1.5 செ.மீ. எல்இடியை அங்கே வைத்தால் கற்றை ஒரு பாகைக்குச் சுருங்கி, மின்னல் 0.03 நொடியாகிவிடும். 1911இல் ப்ளொந்தெல், ரே இருவரும் தந்த வாய்பாட்டின்படி அவ்வளவு குறுகிய மின்னலில் எட்டில் ஒரு பங்குப் பிரகாசம்தான் கண்ணுக்கு எட்டும். ஆகவே எல்இடித் தொகுப்பைப் பழைய சுடரின் அளவுக்கே கட்ட வேண்டும். பாதரசத்துக்குப் பதில் பேரிங் போட வேண்டும். சிமிட்டும் விளக்கை வெளியே மாடத்தில் மாற்று விளக்காக வைக்கலாம், சுழற்சி நின்றால் அது எரியட்டும். வில்லையே இல்லாத புதுக் கோபுரங்களுக்கும் துறைமுக வாய்களுக்கும் சிமிட்டும் எல்இடியே சரி, அங்கே தயங்க எதுவுமில்லை. எதைப் பொருத்தினாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது படகில் போய் எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சத்தை அளந்து பதிவுசெய்ய வேண்டும். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2021இல் வந்த கடல்வழித் துணைக்கருவிகள் சட்டத்தின் கீழ், அதைச் செய்யும் பொறுப்பும் அதற்கான தீர்வைப் பணமும் கலங்கரை விளக்கங்களுக்கான ஒரே இயக்குநரகத்திடம்தான் இருக்கின்றன.